பண்டிகைப் படமும் பாகம் பிரியாத வீடும்

மேற்கே கிறிஸ்துமஸுக்கென்றே ஒரு வகைப் படம் உண்டு. பனி பெய்யும். வெளியூர் போன மகனோ மகளோ வீடு திரும்ப வேண்டும். முறுக்கிக்கொண்டிருந்த தகப்பன் மனம் இளக வேண்டும். கடைசிக் காட்சியில் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தாக வேண்டும். இவற்றில் ஒன்றுகூட நடக்காமல் போகாது என்பது டிக்கெட் வாங்குகிறபோதே எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் போகிறார்கள். நம்மிடம் இதற்கு இணையாக இருப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துகொண்டிருந்த குடும்பப் படம். அழுகைப் படம், பாசப் படம், ஜனரஞ்சகக் குப்பை என்று நம் சிறுபத்திரிகை விமர்சனம் இதற்குப் பல பெயர்கள் வைத்திருக்கிறது. பெயர் வைத்ததில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பெயர் வைத்ததோடு விஷயம் தீர்ந்தது என்று இருந்துவிட்டதில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. அந்த ஜனங்கள் எதற்காக அழுதார்கள்? இது ரஸனையைப் பற்றிய கேள்வியாகத் தோன்றலாம். எனக்கு இது சரித்திரத்தைப் பற்றிய கேள்வியாகவே படுகிறது.

கிறிஸ்துமஸ் கதையின் அச்சு வார்க்கப்பட்டது சார்ல்ஸ் டிக்கன்ஸிடம். அவருடைய 'கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் ஆறாயிரம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தது. அதே வருஷம் குழந்தைத் தொழிலாளர் நிலை பற்றி பார்லிமெண்ட் கமிஷனின் அறிக்கை வந்திருந்தது. அதைப் படித்த கொதிப்பு அந்தச் சின்னப் புத்தகத்துக்குப் பின்னால் இருக்கிறது. கதையில் மனம் மாறுகிற கிழவன் ஸ்க்ரூஜ் குமாஸ்தாவின் குடும்பத்துக்குத் தாத்தா இல்லை, மாமா இல்லை. கூலி கொடுக்கிற முதலாளி. குமாஸ்தாவின் வீட்டுக் கண்ணீருக்கும் முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்கும் டிக்கன்ஸ் ஒரு கயிறு கட்டினார். நூறு வருஷம் கழித்து, 1946 டிசம்பரில், ஃப்ராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' வந்தபோதும் அந்தக் கயிறு அறுபடவில்லை. அதன் கதாநாயகன் தற்கொலைக்குப் போவது காணாமல் போன எட்டாயிரம் டாலருக்காக. கண்ணீருக்கு ஒரு தொகை இருக்கிறது. அந்தப் படம் வெளியானபோது நஷ்டப்பட்டது. 1974ல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் விட்டுப்போக, தொலைக்காட்சி நிலையங்கள் காசில்லாமல் கிடைத்த படத்தை ஒவ்வொரு டிசம்பரிலும் போட்டுப் போட்டு அதைச் சடங்காக்கின. சடங்கு சிலசமயம் இப்படி ஒரு குமாஸ்தாவின் மறதியிலிருந்தும் பிறக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு ஊர்களுக்குச் சினிமாவைத் தூக்கிக்கொண்டு போன முதல் ஆள் திருச்சி ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். 1905ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து அவர் வாங்கிய கருவியோடு வந்த படங்களில் ஒன்று ஏசுவின் வாழ்க்கை. ஆக, கூடாரத்தில் நாம் ஆரம்பத்தில் பார்த்த கதைகளில் ஒன்று கிறிஸ்துமஸின் கதைதான். அந்த வழி அடைபடவும் இல்லை. நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக ஆடிய கிறிஸ்தவக் கதையான 'ஞானசௌந்தரி' 1948ல் இரண்டு படங்களாக வந்தது. ஒன்று சிடாடல், மற்றொன்று ஜெமினி. சிடாடல் படம் வெற்றி பெற, வாசன் தன் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சித்தியின் சதியால் கைகள் வெட்டப்பட்ட பெண்ணுக்கு மாதா கைகளைத் திருப்பித் தருகிறாள். பிரிந்த குடும்பம் சேர்கிறது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் அல்ல. மாதா யார் என்று தெரியாவிட்டாலும் வெட்டப்பட்ட கை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த வெட்டப்பட்ட கையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்டது 'ஹரிதாஸ்'. தாய் தகப்பனை விரட்டிய மகன் கால்களை இழக்கிறான். அவர்களுக்குப் பணிவிடை செய்யத் திரும்புகிறபோது கால்கள் திரும்புகின்றன. 1959 அக்டோபர் 31, தீபாவளியன்று வந்த 'பாகப்பிரிவினை'யில் சிறுவயதில் மின்சாரம் தாக்கிக் கண்ணையனின் ஒரு கையும் காலும் முடங்கிப்போகின்றன. வீடு பிரிந்து, முட்டி மோதி, சேருகிற நேரத்தில் மறுபடி மின்சாரம் தாக்கிக் கையும் காலும் சரியாகின்றன. 1961ல் 'பாசமலர்' அண்ணன் கண்ணை இழக்கிறான். அங்கே குடும்பம் சேரவில்லை, கண்ணும் திரும்பவில்லை. டிக்கன்ஸ் கதையில் ஊன்றுகோலோடு நடக்கிற குமாஸ்தாவின் பையன்கூட இந்த வரிசையில்தான் நிற்கிறான். வைத்திய சாஸ்திரத்தைக் காட்டி இவற்றைச் சிரித்து ஒதுக்குவது சுலபம். ஆனால் இத்தனை கதைகள் ஒரே இடத்தில் அடிபட்டு ஒரே இடத்தில் குணமாகின்றன என்றால், வீடு என்பதை ஜனங்கள் ஓர் உடம்பாக உணர்ந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பங்கு பிரிவது சொத்து விவகாரமாக அவர்களுக்குப் படவில்லை. உறுப்பு அறுபடுவதாகப் பட்டது.

ஏன் அப்படிப் பட்டது என்பதற்கு ஒரு தறி வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஆரணிப் பட்டு என்று சந்தையில் சொல்லப்படுவது ஆரணியில் மட்டும் நெய்யப்படுவதல்ல. சுற்றுப்பட்ட ஊர்களின் தறிகளுக்கும் அதில் பங்குண்டு. வந்தவாசி தாலுகாவைச் சேர்ந்த தேசூர் அப்படி ஓர் ஊர். பட்டு நெசவில் தறி என்பது ஓர் ஆளின் கருவி இல்லை. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவர். அவர் கால் மிதியிலும் கை நாடாவிலும் இருக்க, தார் சுற்றிக் கொடுக்க ஒருவர், நூல் இழைக்க ஒருவர், தெருவில் பாவு நீட்டும்போது முனை பிடிக்க நாலு பேர், இழை அறுந்தால் கண் தெரிகிற வயசில் ஒரு பிள்ளை. உடலுக்கு ஒரு வண்ணம் கரைக்கு ஒரு வண்ணம் என்று கோர்வை போட்டு நெய்கிற புடவைக்கு இரண்டாவது ஆள் கூடவே உட்கார வேண்டும். கூலி மட்டும் ஒரு பெயரில் வரும். பட்டும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளியின் நோட்டில் தறிக்காரர் பெயர்தான் இருக்கும். தார் சுற்றியவள் பெயர் இருக்காது. இந்த வீட்டில் அண்ணன் தம்பி சண்டை வந்து சுவர் எழுந்தால் நிலமுள்ள வீட்டைப் போல ஆளுக்கு ஒரு காணி கிடைத்துவிடாது. தறி நின்றுபோகும். கால் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போன மாதிரிதான். கண்ணையனின் முடங்கிய கை தேசூரில் உருவகமாகப் பார்க்கப்பட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விவரமாகவே பார்க்கப்பட்டிருக்கும்.

பெண்களின் விஷயம் இதைவிடத் தீவிரமானது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ல் வந்தது. தகப்பன் தானே தேடிய சொத்தில் மகளுக்குப் பங்கு வந்தது. பிதிரார்ஜிதக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலே வரும் உரிமை ஆண்களிடமே நின்றது. மூன்று வருஷம் கழித்து வந்த 'பாகப்பிரிவினை'யில் பங்கு கேட்பதும் பிரிவதும் சகோதரர்களின் காரியம். வீட்டைக் கெடுத்த பழி மட்டும் ஒரு பெண் தலையில் விழுகிறது. இது அநியாயம் என்று நமக்குத் தெரிகிறது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அழுத பெண்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் இருக்கும். ஆனால் பங்கில்லாதவளுக்கு இருக்கிற ஒரே ஆஸ்தி பங்கு போடப்படாத வீடு. சுவர் எழுந்தால் அவள் எந்தப் பக்கம் என்பதை வேறொருவர் தீர்மானிப்பார். வீடு ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பது அவளுக்குப் பழமைப் பற்று அல்ல. வேறு பத்திரம் அவளிடம் இல்லை. 1960ல் பீம்சிங் எடுத்த 'படிக்காத மேதை'யைச் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். கணக்குப் பார்க்காமல் உழைத்துக் கொட்டுகிற ரங்கன் அந்த வீட்டின் ரத்தப் பிள்ளை இல்லை, வெளியே அனுப்பப்படுகிறான், கடைசியில் அவன் அருமை தெரிகிறது. நோட்டில் பெயரில்லாத உழைப்பு கடைசியில் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறது. வருஷத்தில் ஒரு தரமாவது தன் பெயரை யாரோ கூப்பிட்டதாக அவள் உணர்ந்திருந்தால், அந்தக் கண்ணீரை மலிவு என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இங்கே ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். தீபாவளியை அசுரன் என்ற பெயரில் திராவிடனைக் கொன்ற கொண்டாட்டம் என்று சுயமரியாதை இயக்கம் கண்டித்தது, தி.மு.க.வும் அதைக் கொண்டாடாமல் பொங்கலைத் தமிழன் திருநாளாக்கியது. ஆனால் அந்த இயக்கத்தின் மகத்தான படம், மு. கருணாநிதி வசனம் எழுதிய 'பராசக்தி', 1952 தீபாவளிக்குத்தான் வந்தது. கோயிலையும் பூசாரியையும் கோர்ட்டில் நிறுத்திய படத்தின் எலும்புக்கூடு என்ன? யுத்த காலத்தில் ரங்கூனில் இருக்கும் மூன்று அண்ணன்மார், மதுரையில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஒரே தங்கை, கப்பலில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் இடம், சிதறல், கடைசியில் சேர்தல். 1942ல் பர்மாவிலிருந்து நடந்தும் செத்தும் திரும்பிய குடும்பங்களின் நினைவு பத்து வருஷம்கூட ஆறாமலிருந்த நேரம். பகுத்தறிவும் வீடு திரும்பும் வழியாகத்தான் ஜனங்களிடம் வரமுடிந்தது. படத்தை இயக்கிய கிருஷ்ணன் பஞ்சுவிடம் தொழில் கற்றவர்தான் பீம்சிங் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். வசனத்தின் தீ ஓர் இடத்துக்குப் போயிற்று. குடும்பத்தின் ஈரம் இன்னொரு இடத்துக்கு வந்து சேர்ந்தது.

ஜனங்கள் பண்டிகைக்கு எதை விரும்பினார்கள் என்பதற்கு 1961 தீபாவளி ஒரு சோதனைச்சாலை. அன்று நவம்பர் 7. ஒரு பக்கம் பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்'. இன்னொரு பக்கம் எம்.ஜி.ஆரின் 'தாய் சொல்லைத் தட்டாதே'. முன்னதற்கு விருது கிடைத்தது. பணம் பின்னதற்குப் போயிற்று. சிதம்பரம் பிள்ளை கதையில் சிறையிலிருந்து வெளியே வருகிறவரை வரவேற்கக் கூட்டமில்லை. தேசம் அவரை மறந்திருக்கிறது. அது உண்மை. பண்டிகை நாளில் அந்த உண்மையைப் பார்க்க ஜனங்கள் தயாராக இல்லை. திரும்பி வருகிறவனை யாராவது வாசலில் நின்று அழைத்தாக வேண்டும் என்பதுதான் பண்டிகைப் படத்தின் எழுதாத சட்டம்.

இதுவரை சொன்னது வாதத்தின் ஒரு பாதி. மறுபாதி கசப்பானது. டிக்கன்ஸ் கட்டிய கயிறு நம் படங்களில் இல்லை. 'பாகப்பிரிவினை'யில் வீட்டைக் குலைக்க வருகிறவன் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போக்கிரி. எம்.ஆர். ராதா அந்தப் போக்கிரிக்குக் கொடுத்த உயிர் கதாநாயகர்கள் பலருக்கு வாய்க்காதது. ஆனால் போக்கிரியைத் துரத்தினால் வீடு சரியாகிவிடும் என்ற தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது? தேசூரில் வீடுகள் குலைவதற்குச் சிங்கப்பூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. முன்பணம் போதும். முன்பணத்துக்காகப் புடவைக்குப் புடவை பிடித்தம் போதும். ஐப்பசி மழையில் குழி ஈரம் கண்டு பாவு விறைத்துத் தறி நிற்கிற நாட்கள் போதும். ஊரெல்லாம் தீபாவளிப் பட்டு கட்டுவதற்காக ஆடியிலிருந்து இரவு பகலாக நெய்த வீட்டில், தீபாவளியன்று கைத்தறிச் சேலைக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கும். இதில் ஒரு வரிகூடப் பண்டிகைப் படத்தில் வந்ததில்லை. அத்தனை கெட்ட அத்தைகளையும் மாமன்களையும் காட்டிய சினிமா ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டவில்லை. குற்றம் எப்போதும் உறவுக்காரரிடம், மன்னிப்பும் உறவுக்காரரிடம். கணக்கு வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுவதால் வெளியே யாரும் யாருக்கும் பாக்கியில்லை.

படம் வந்து சேர்ந்த விதத்தையும் இதோடு பார்க்க வேண்டும். பிரிண்டுகள் எண்ணிக்கையில் குறைவு. தீபாவளிப் படம் முதலில் 'ஏ' சென்டர், பிறகு 'பி', கடைசியாக 'சி' என்று தேய்ந்து கீறலோடு கிராமத்து டூரிங் டாக்கீஸுக்கு இறங்கும்போது தீபாவளி போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். பட்டு பண்டிகைக்கு முன்னால் ஊரைவிட்டுப் போய்விடும்; படம் பண்டிகைக்குப் பின்னால் ஊருக்குள் வரும். அதனால் இந்த ஊர்களில் பண்டிகை நாளில் பார்க்கிற படம் என்ற அர்த்தமே பொருந்தாது. கோடைக்காலத்து மணலில் உட்கார்ந்து, தாமதமாக வந்து சேர்ந்த ஒரு தீபாவளியை இரண்டரை மணி நேரம் அனுபவித்தார்கள். படத்தின் கவர்ச்சியில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அச்சு எப்போது உடைந்தது? உடைத்தவர்களில் முதல்வர் பீம்சிங்கே. குடும்பக் கண்ணீரின் சிற்பி 1977ல் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்க'ளைப் படமாக்கினார். குடும்பம் வெளியே தள்ளிய பெண்ணின் கதை. யாரும் அவளை வாசலில் நின்று அழைக்கவில்லை. கையும் காலும் திரும்ப முளைக்கவில்லை. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. அடுத்த வருஷம் ஜனவரியில் பீம்சிங் காலமானார். ஒன்பது வருஷம் கழித்து, 1986ல், அதே லட்சுமி விசுவின் 'சம்சாரம் அது மின்சார'த்தில் மூத்த மருமகளாக வந்தார். இங்கே சுவர்கூட எழவில்லை. வீட்டின் நடுவே ஒரு கோடு போடப்படுகிறது. சண்டையெல்லாம் ஓய்ந்து எல்லோரும் சேரத் தயாராகிற கடைசிக் காட்சியில், அந்த மருமகள் வேண்டாம் என்கிறாள். தனித்தனியாக இருப்போம், நாள் கிழமையில் வந்து பார்த்துக்கொள்வோம், அன்பாவது மிஞ்சும் என்பது அவள் தீர்ப்பு. படம் ஆரோக்கியமான ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. இருபத்தேழு வருஷத்தில் தமிழ்க் குடும்பப் படம் தன் முடிவைத் தானே தலைகீழாக்கிக்கொண்டது. ஜனங்கள் அதற்கும் அழுதார்கள், கைதட்டவும் செய்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1989ல், தமிழ்நாட்டுச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. அப்போது முதலமைச்சர், 'பராசக்தி'க்கு வசனம் எழுதியவர். அதே வருஷம் வட ஆற்காடு ஜில்லாவுக்கும் பாகப்பிரிவினை ஆயிற்று. தேசூர் திருவண்ணாமலைப் பங்கில் போயிற்று.

மருமகள் சொன்ன அந்தத் தீர்ப்பை மேற்கத்திய கிறிஸ்துமஸ் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வருஷம் முழுக்கச் சேர்ந்திருக்கிற குடும்பத்துக்கு வீடு திரும்பும் படம் தேவையில்லை. நாள் கிழமையில் மட்டும் சந்திக்கிற குடும்பத்துக்குத்தான் அது வேண்டும். அமெரிக்காவில் ஹால்மார்க் என்ற தொலைக்காட்சி 2009லிருந்து ஆண்டின் கடைசி மாதங்களை இதற்கே ஒதுக்கிவைத்திருக்கிறது. நம் படங்கள் பிரியக்கூடாத வீட்டில் தொடங்கி, பண்டிகைக்குக் கூடுகிற வீட்டில் வந்து நின்றிருக்கின்றன. 1993ல் சன் டி.வி. வந்தபிறகு தீபாவளி காலையின் பட்டிமன்றம், மதியத்தின் புதுப்படம் என்று சடங்கு கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. தறிக்குழி இருந்த கூடம் அது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய், சிறப்புப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இரண்டு நாள் இருந்து போகிறார்கள். கிறிஸ்துமஸ் படத்தின் பனி மட்டும்தான் இங்கே குறை.

நெசவாளியின் கதையைச் சினிமா சொல்லவே இல்லையா என்று கேட்கலாம். சொன்னது. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' 2009ல் திரையரங்குகளுக்கு வந்தது. 2007க்கான சிறந்த படம் என்ற தேசிய விருதும் பெற்றது. மகளுக்குப் பட்டுப்புடவை கட்டிக் கல்யாணம் செய்துவைப்பேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, கூலியில் அது முடியாது என்று கண்டு, இழை இழையாகப் பட்டைத் திருடி நெய்கிறான். கடைசியில் நெய்து முடிக்காத அந்தத் துணியால் மகளின் பிணத்தை மூடப் பார்க்கிறான். இந்தப் படத்தில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது, கூலி இருக்கிறது, முதலாளி இருக்கிறான். பண்டிகை மட்டும் இல்லை. ஆக, நமக்கு இரண்டு படங்கள் கிடைத்திருக்கின்றன: கணக்கில்லாத பண்டிகை ஒன்று, பண்டிகையில்லாத கணக்கு ஒன்று. டிக்கன்ஸ் எத்தனை மிகையாகச் செய்திருந்தாலும் இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். ஜனங்கள் அழவும் செய்தார்கள், கூலி என்ன என்று கேட்கவும் செய்தார்கள்.

கண்ணீரைப் பழிப்பது விமர்சனத்தின் வேலை என்று ஒரு தலைமுறை நம்பியிருந்தது. அந்தக் கண்ணீருக்குக் காரணம் இருந்தது, காரணம் நியாயமானது என்பதை மேலே காட்ட முயன்றிருக்கிறேன். பழிக்க வேண்டியது, அந்தக் கண்ணீர் யாருக்குச் சேர வேண்டுமோ அவர் பெயரைச் சொல்லாமல் மறைத்த கதைகளை. தார் சுற்றியவள் பண்டிகைப் படத்தில் அழுதது பொய்யல்ல. அவளுக்கு வர வேண்டிய கூலியை அந்தப் படம் பாசம் என்று வேறு தலைப்பில் பற்று எழுதிக் கணக்கை முடித்துவிட்டது. அவள் பெயரை நோட்டிலும் எழுதி, வாசலில் நின்று கூப்பிடவும் கூப்பிடுகிற ஒரு தீபாவளிப் படம் தமிழில் இன்னும் எடுக்கப்படவில்லை.